கை வைக்கும் முன் கேட்டுப் பாருங்கள்

தரவுத்தள வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இருபது வருடங்களுக்கு மேலாக மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டோடும் தினமும் பழகிவருகிறேன். புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது பதற்றம். திரையில் நாலு வரி பிழை வந்ததும் சர்வரை அணைத்துப் போடுகிறார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். தனக்கு எங்கே வலிக்கிறது என்பதைத் தரவுத்தளம் பெரும்பாலும் தானே சொல்லிவிடும். அதைக் கேட்காமல் கை வைப்பதால்தான் சின்னக் கோளாறு பெரிய இழப்பாகிறது. நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. பிழைச் செய்தியைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் எல்லோரும் முதலில் சந்திப்பது 1045, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி. பார்த்தவுடன் பாஸ்வேர்டு தப்பு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த ஒரு வரியில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. முதலாவது, எந்தப் பெயரில் நுழைய முயன்றீர்கள் என்பது. இரண்டாவது, ‘அட்’ குறிக்குப் பின்னால் இருக்கும் இடம், அதாவது எந்தக் கணினியிலிருந்து வருகிறீர்கள் என்று சர்வர் நினைக்கிறது என்பது. மைஎஸ்கியூஎல்லுக்குப் பெயரும் இடமும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. உள்ளேயிருந்து வரும் ‘முருகன்’ வேறு, வெளியிலிருந்து வரும் ‘முருகன்’ வேறு. இருவருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டுகூட இருக்கலாம். மூன்றாவது, அடைப்புக்குள் பாஸ்வேர்டு தரப்பட்டதா என்பதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’. அங்கே ‘நோ’ என்று இருந்தால் உங்கள் பாஸ்வேர்டு சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. பெரும்பாலும் உங்கள் நிரல் அமைப்புக் கோப்பைப் படிக்கவில்லை என்று பொருள். இதைக் கவனிக்காமல் அரை நாள் முழுக்கப் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை நான் அறிவேன்.

உபுண்டுவில் புதிதாக நிறுவியவர்களுக்கு இன்னொன்று. அங்கே ‘ரூட்’ கணக்குக்கு வழக்கமாகப் பாஸ்வேர்டே கிடையாது. லினக்ஸில் நீங்கள் ரூட்டாக இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் விடாது. ‘சூடோ’ போட்டு நுழையுங்கள்; பிறகு உங்கள் நிரலுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள். நிரலை ரூட் கணக்கில் ஓட விடாதீர்கள்.

2. இணைப்பு கிடைக்கவில்லை என்றால் சர்வர் ஓடுகிறதா, எந்த வாசலில் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான போர்ட் 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. பிழைச் செய்தியிலேயே துப்பு இருக்கும். 2002 என்று வந்தால், பெரும்பாலும் அதே கணினிக்குள் சாக்கெட் கோப்பு வழியாக நுழையப் பார்த்து அது முடியவில்லை. 2003 என்று வந்தால் நெட்வொர்க் வழியாக முயன்று தோற்றிருக்கிறீர்கள். லினக்ஸில் அதோடு அடைப்புக்குள் ஒரு எண் வரும். 111 என்றால் அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் யாரும் இல்லை. 110 என்றால் பதிலே வரவில்லை; வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். முதலாவதுக்கு சர்வரைப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு நெட்வொர்க் ஆட்களிடம் போக வேண்டும்.

லினக்ஸில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் மைஎஸ்கியூஎல் சாக்கெட் வழியாகப் போகும், 127.0.0.1 என்று கொடுத்தால் நெட்வொர்க் வழியாகப் போகும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் குழம்பாதவர் குறைவு.

போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டு பூட்டுகள். எந்த முகவரியில் கேட்பது என்பது ஒன்று. நிறுவியபடியே விட்டால் உள்ளூர் முகவரி மட்டும்தான். யாரை எப்படி உள்ளே விடுவது என்று சொல்லும் ‘பிஜி-எச்பிஏ’ கோப்பு மற்றொன்று. அந்தக் கோப்பில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரிதான் செல்லும், அதற்குக் கீழே எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும் பார்க்காது. புதிய வரியைக் கடைசியில் சேர்த்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் மேலே பாருங்கள். அவசரத்துக்காக உலகம் முழுவதற்கும் வாசலைத் திறந்து வைக்காதீர்கள். அப்படித் திறந்துவைத்த சர்வர்களைத் தேடித் திரியும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

3. விண்டோஸ் மடிக்கணினியில் ஓடிய குவெரி லினக்ஸ் சர்வரில் ‘டேபிள் இல்லை’ என்று சொன்னால், பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் மைஎஸ்கியூஎல் டேபிள் பெயர்களில் அந்த வேறுபாட்டைப் பார்க்கும். பெயர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வாழ்நாளுக்கும் இல்லை.

4. தமிழைச் சேமிக்கிறவர்கள் எழுத்துகளின் பைட் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நம் மொழியில் பெயர்களையும் முகவரிகளையும் பதிந்து வைக்கும் வேலை பெருகிவிட்டது. அதைக் கெடுத்துக்கொள்வது நாமாக இருக்கக் கூடாது.

யூடிஎஃப்-8 முறையில் அன்றாடத் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், பதினைந்து பைட்டுகள். மைஎஸ்கியூஎல்லில் குறியீட்டு நீளத்தைக் கேட்டால் 5 வரும், பைட் நீளத்தைக் கேட்டால் 15 வரும். ஒருமுறை நீங்களே கேட்டுப் பாருங்கள். ஃபீல்டுக்கு 20 என்று நீளம் வைத்தால் அது இருபது தமிழ் எழுத்தாகாது, இருபது குறியீடு. ஆரக்கிளில் நிறுவியபடி விட்டால் அது இருபது பைட்; ஆறு குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் அங்கே ‘மீனாட்’டைத் தாண்டாது.

திரையில் தமிழ் கெட்டுத் தெரிந்தால், எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், சேமிக்கும்போதே எழுத்துகள் தொலைந்திருக்கக் கூடும். அப்படியானால் மூலத்திலிருந்து மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துருச் சிக்கல், தரவு நலமாக இருக்கும். தலையில் சாய்கோடு இட்ட சின்ன ‘ஏ’யும், வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. அன்றாடத் தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன் முறையில் படித்தால் 224 அந்த ‘ஏ’, 174 அந்த ‘ஆர்’. அதனால்தான் எந்தத் தமிழ்ச் சொல் கெட்டாலும் ஒரே முகத்தோடு கெடுகிறது.

இப்படித் தெரிந்த டேபிளை ‘யூடிஎஃப்-8க்கு மாற்று’ என்று நேரடியாகக் கட்டளையிட்டால், கெட்ட எழுத்துகளையே நல்ல எழுத்துகள் என்று நம்பி மாற்றிவிடும், கெடுதல் இரட்டிப்பாகும். ஃபீல்டை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து சரியான எழுத்து முறைக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் ஒரு நகலில் செய்து பார்த்த பிறகே அசலில் செய்யுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்-8’ என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது மூன்று பைட் வரை மட்டுமே தாங்கும் முறை. தமிழ் அதில் அடங்கிவிடும் என்பதால் நமக்குச் சந்தேகமே வராது. யாராவது முகவரியோடு ஒரு எமோஜியைத் தட்டினால் 1366 என்று பிழை வரும், ஏனென்றால் எமோஜி பெரும்பாலும் நான்கு பைட். 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். கோயில் கணக்கு, நிலப் பத்திரம் போன்ற பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ‘யூடிஎஃப்-8 எம்பி-4’ என்ற முறையையே வைத்துக்கொள்ளுங்கள். 8.0 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு.

பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, கண்ணால் பார்த்தால் இருக்கிறது என்றால் குறியீட்டைச் சோதியுங்கள். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்று, போஸ்ட்கிரெஸ் இயல்பாக இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். சேமிக்கும் முன் ‘நார்மலைஸ்’ செய்துவிட்டால் இது தீரும். ‘ஸ்ரீ’க்கு அதுவும் உதவாது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். யூனிகோடு அவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. ஒன்றைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிச் சேமியுங்கள். ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஸ்ரீரங்கம் எல்லாம் நம் ஊரில் எத்தனை ஆயிரம்!

5. கைபேசி எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள்.

சாதாரண ‘இன்ட்’ வகை தாங்கும் மிகப் பெரிய எண் 2147483647. நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஒன்றுகூட அதற்குள் அடங்காது. கண்டிப்பு முறை அணைந்திருக்கும் பழைய மைஎஸ்கியூஎல் இதைத் தடுக்காமல், எல்லோருக்கும் அந்த உச்ச எண்ணையே எழுதிவைக்கும். ஒரு அலுவலகத்தில் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே எண் இருந்ததை நான் நேரில் பார்த்தேன். அசல் எண்கள் எங்கேயும் இல்லை, படிவங்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தார்கள். 044 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணின் முன்சுழியும் எண் வகையில் காணாமல் போகும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாக வையுங்கள். பணத்தை ‘ஃப்ளோட்’டில் வைக்காதீர்கள், ‘டெசிமல்’ இருக்கிறது.

6. ‘நல்’ என்றால் பூஜ்யம் இல்லை, வெற்றெழுத்தும் இல்லை. ‘தெரியாது’ என்று பொருள்.

தெரியாத ஒன்று ஐந்துக்குச் சமமா என்று கேட்டால் பதில் ‘தெரியாது’. சமமில்லையா என்று கேட்டாலும் ‘தெரியாது’. குவெரியோ உறுதியாக ‘ஆம்’ என்று தெரிந்த பதிவுகளை மட்டும்தான் தரும். இதனால் வரும் விபரீதம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளியில் கட்டணம் கட்டாத மாணவர் பட்டியல் கேட்டார்கள். குவெரி எழுதியவர், மாணவர் டேபிளில் இருந்து, கட்டண டேபிளில் உள்ள மாணவர் எண்களுக்குள் வராதவர்களை ‘நாட் இன்’ போட்டுக் கேட்டார். ஒரு பெயரும் வரவில்லை. எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்று அலுவலகம் மகிழ்ந்தது. கட்டண டேபிளில் ஒரே ஒரு பதிவில் மாணவர் எண் ‘நல்’ ஆக இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தெரியாத எண் இந்த மாணவருடையதாக இருக்குமோ என்ற ஐயம் ஒவ்வொரு மாணவருக்கும் பொருந்திவிட்டதால், யாரையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் தரவுத்தளம் வெறுங்கையை விரித்தது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இத்தகைய இடங்களில் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதுங்கள். கட்டாயம் இருக்க வேண்டிய ஃபீல்டுகளில் ‘நல்’ நுழையாதபடி டேபிளிலேயே தடை போடுங்கள்.

7. இரண்டு டேபிள்களை இணைத்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று பில்லும் இரண்டு முகவரியும் இருந்தால், மூன்று டேபிளையும் ஒன்றாக இணைக்கும்போது ஆறு பதிவுகள் வரும். பில் தொகையைக் கூட்டினால் இருமடங்கு காட்டும். முதலில் பில்லைத் தனியாகக் கூட்டி, பிறகு இணையுங்கள். ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டுவிட்டு, வலதுபக்க டேபிளின் நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் எழுதினாலும் தவறு நேரும். இணை இல்லாத பதிவுகள் அங்கே உதிர்ந்து, சாதாரண ஜாயின் ஆகிவிடும். அந்த நிபந்தனை ‘ஆன்’ பகுதிக்குப் போக வேண்டும்.

8. குவெரி மெதுவாக ஓடினால், இன்டெக்ஸ் பயன்படுகிறதா என்று ‘எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டுக் கேளுங்கள்.

இன்டெக்ஸ் என்பது முதலெழுத்து வரிசையில் அடுக்கிய பட்டியல். நம் ஊர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வரும்: கு. முருகன், ரா. முருகன், வே. முருகன். பட்டியல் கு, ரா, வே என்று அடுக்கப்பட்டிருக்கும்போது ‘முருகன் என்று முடிகிற எல்லோரும்’ என்று கேட்டால், கையில் பட்டியல் இருந்தும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டத்தான் வேண்டும். தேடும் சொல்லுக்கு முன்னால் சதவீதக் குறி போட்டு ‘லைக்’ எழுதினால் நடப்பது இதுதான். தலைப்பெழுத்தையும் பெயரையும் தனித்தனி ஃபீல்டில் வைத்தால் இந்தச் சிக்கல் எழாது. நம் பெயர்களுக்கு இதுவே ஏற்ற அமைப்பு என்பது என் உறுதியான கருத்து.

ஃபீல்டின் மேல் ஏதாவது கணக்குப் போட்டாலும் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. ‘தேதியின் ஆண்டு 2024’ என்று கேட்பதைவிட, ‘2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1க்கு முன்பு வரை’ என்று கேளுங்கள். எழுத்தாகச் சேமித்த கைபேசி எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாகத் தேடினாலும் மைஎஸ்கியூஎல் இன்டெக்ஸைக் கைவிட்டு முழு டேபிளையும் படிக்கும்.

‘எக்ஸ்ப்ளெய்ன்’ தரும் விளக்கத்தில் மைஎஸ்கியூஎல் ‘ஆல்’ என்றும் போஸ்ட்கிரெஸ் ‘சீக் ஸ்கேன்’ என்றும் காட்டினால் முழு டேபிளும் படிக்கப்படுகிறது. நூறு பதிவுள்ள டேபிளில் அது சரியே. பயந்து இன்டெக்ஸாக அடுக்காதீர்கள், ஒவ்வொரு இன்டெக்ஸும் எழுதும் வேலையை மெதுவாக்கும். முக்கியமான எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸ்ஸில் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ என்பது குவெரியை நிஜமாகவே ஓட்டும். ‘டிலீட்’ முன்னால் அதைப் போட்டால் விளக்கமும் வரும், பதிவுகளும் போகும்.

9. ‘அப்டேட்’, ‘டிலீட்’ எழுதும் முன் அதே நிபந்தனையோடு ‘செலக்ட்’ எழுதி, எத்தனை பதிவு என்று பாருங்கள். பிறகு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிக் கட்டளையைக் கொடுத்து, மாறிய எண்ணிக்கை அதேதானா என்று பார்த்து, அதன் பின் ‘கமிட்’. எண்ணிக்கை இடித்தால் ‘ரோல்பேக்’. மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் 1175 என்று தடுத்தால், அது உங்கள் நன்மைக்குத்தான். அந்தப் பாதுகாப்பை அணைக்காமல் நிபந்தனையைச் சரிசெய்யுங்கள். டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளையைப் போஸ்ட்கிரெஸ்ஸில் பெரும்பாலும் திரும்பப் பெறலாம். மைஎஸ்கியூஎல்லில் அது தானாகவே கமிட் ஆகிவிடும், அதற்கு முன் செய்தவற்றையும் சேர்த்து.

10. மைஎஸ்கியூஎல்லில் குவெரி நகராமல் நின்று, சரியாக 50 வினாடியில் 1205 என்று விழுந்தால் வேறு யாரோ பூட்டு வைத்திருக்கிறார்கள். டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போன ஒருவராகக்கூட இருக்கலாம். யார் என்று ‘ப்ராசஸ் லிஸ்ட்’டில் பாருங்கள். அவரிடம் பேசிய பிறகு இணைப்பை வெட்டுங்கள். சர்வரையே நிறுத்திப் போடுவது கடைசி வழி.

11. உதவி கேட்கும்போது தரவுத்தளத்தின் பதிப்பு எண், பிழைச் செய்தியின் முழு எழுத்து வடிவம், டேபிளின் அமைப்பு, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். திரையைச் சாய்வாகப் படமெடுத்து அனுப்பி ‘அண்ணா, வேலை செய்யல’ என்று சொன்னால், கேட்கிறவருக்கு உதவ மனமிருந்தாலும் வழியில்லை.

12. பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், மீட்டுப் பாருங்கள்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். துணை சர்வரில் இருப்பதாக எண்ணி, ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் தரவுக் கோப்பகத்தை அழித்தார். உடனே உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப் இருக்கிறதே என்று தேடினால் அந்த இடம் காலி. சர்வரில் போஸ்ட்கிரெஸ் 9.6 ஓட, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பாக இருந்ததால் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் போகவில்லை. விபத்துக்கு ஆறு மணிநேரம் முன்பு சோதனைக்காக எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணிநேரத் தரவு திரும்பவில்லை. நடந்தவை எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் நமக்கு இந்தப் பாடம் கிடைத்தது.

முதன்மை சர்வரின் திரையைச் சிவப்பு நிறத்தில் வையுங்கள், எதில் இருக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரியட்டும். இந்த வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கி, நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, நாலு டேபிளின் பதிவுகளை எண்ணி, அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சர்வர் விழும் நாளில் மேலதிகாரி முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.